பள்ளியில் உபுண்டு, வீட்டில் எந்தக் கார்டு?

களியக்காவிளையில் பேருந்தை விட்டு இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடும். பேச்சு மாறாது. இஞ்சிவிளை, பாறசாலை, தனுவச்சபுரம், உதியன்குளங்கரை என்று நெய்யாற்றின்கரை வரைக்கும் பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்துதான் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டின் விளைவுகளில் ஒன்றை இன்று பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

கோட்டுக்கு வடக்கே படிக்கும் பிள்ளை, கம்ப்யூட்டர் என்றாலே உபுண்டு லினக்ஸ் என்று நினைத்து வளர்கிறது. படம் திருத்த ஜிம்ப், வரைய இங்க்ஸ்கேப், கணக்குக்கு ஜியோஜிப்ரா, கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் லினக்ஸில்தான். கேரளப் பாடநூல்கள் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாவதால் தமிழ்வழிப் பிள்ளைக்கும் இதே பாடம்தான். அந்தப் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, “பிளெண்டர் மெதுவா ஓடுது, கிராபிக்ஸ் கார்டு வேணும்” என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கடைகளில் விற்பதெல்லாம் விண்டோஸை மனதில் வைத்து அடுக்கிய சரக்கு. கடைக்காரருக்கு விலையும் ஜிபியும் தெரியும். லினக்ஸில் அது ஓடுமா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இந்தக் கட்டுரை அந்த வீடுகளுக்காக. பாறசாலையை முன்னிறுத்தி எழுதினாலும், லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் இது பொருந்தும்.

திருவனந்தபுரத்தில் விழுந்த விதை

2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை அப்போது அங்கேதான் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் பிறந்தது. அது படிப்படியாக முழுக்க லினக்ஸுக்கு மாறி, 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட தன் பதிப்பை கைட் வெளியிட்டது. பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது ஓடும் என்றும், உரிமக் கட்டணம் இல்லாததால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அன்று அறிவித்தார்கள். வீடுகளும் டிடிபி மையங்களும் அதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இப்போது உபுண்டு 22.04-ஐ ஒட்டிய பதிப்பு புழக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைப் பெரிய அளவில் கையிலெடுத்தது. சென்னை சி-டாக் ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. ஆனால் பாடத்திலும் தேர்விலும் லினக்ஸ் இடம்பெறாததால், களியக்காவிளைக்குத் தெற்கே அது பெட்டியோடு வந்த இன்னொரு பொருளாகவே நின்றுபோனது. கேரளம் தேர்வில் வைத்தது. அதனால் வீட்டுக்குள் வந்தது. என்னைக் கேட்டால், இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் அடுத்த படி. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதில் சேர்ந்து அனிமேஷன், வீடியோ எடிட்டிங், நிரல் எழுதுதல் என்று பழகுகிறார்கள். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரும் வீடியோ வெட்டும் கேடென்லைவும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பள்ளி மடிக்கணினியில் ஒரு முப்பரிமாணக் காட்சியை ‘ரெண்டர்’ போட்டுவிட்டு மதியச் சோறு உண்டு வந்தாலும் அது பாதியில்தான் நிற்கும். வேகமான கார்டு கேட்கும் ஆசை அங்கிருந்துதான் முளைக்கிறது. நியாயமான ஆசை.

கார்டு ஓடுவதில்லை, டிரைவர்தான் ஓடுகிறது

மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு கடை. பாறசாலைக்காரர் ஒருவர், கல்யாண வீடியோ எடுப்பவர், மகளுக்காகக் கார்டு பார்க்க வந்திருக்கிறார்.

“அண்ணே, இது லினக்ஸ்ல ஓடுமா?”

“ஓடும் மக்களே. டிரைவர் சிடி உள்ளயே இருக்குல்லா.”

அந்தச் சிடியை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு. லினக்ஸில் அதற்கு வேலையே இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் டிரைவர் சிடியிலிருந்தோ நிறுவனத்தின் தளத்திலிருந்தோதான் வந்திருக்கிறது.

லினக்ஸில் டிரைவர் இரண்டு வழியில் வரும். ஒன்று, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கும் திறந்த மூல டிரைவர். கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டால் கெர்னலே அதை அடையாளம் கண்டு வேலையைத் தொடங்கிவிடும். மேலே படம் வரையும் பகுதியை ‘மேசா’ என்ற தொகுப்பு பார்த்துக்கொள்ளும். நாம் எதையும் நிறுவ வேண்டாம். மற்றொன்று, நிறுவனம் தனியாகத் தரும் டிரைவர். அதைக் கெர்னலோடு தனியே ஒட்டவைக்க வேண்டும். கெர்னல் புதிதாகும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

ஏஎம்டியும் இன்டெல்லும் முதல் வழி. 2006-இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007-இல் தன் சில்லுகளின் ஆவணங்களைத் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. 2015-இல் கெர்னல் 4.2-இல் ‘ஏஎம்டி ஜிபியு’ டிரைவர் சேர்ந்தது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸில், ஏஎம்டி சில்லில் ஓடுகிறது. அதைச் செய்யும் வால்வ் நிறுவனம் தன் செலவில் இந்த டிரைவரை மெருகேற்றியது. அந்த உழைப்பின் பலன் பாறசாலையில் ஏஎம்டி கார்டு போட்டவருக்கும் தானாக வந்து சேர்கிறது. திறந்த மூலத்தின் அருமையே இதுதான்.

என்விடியா நெடுங்காலம் இரண்டாம் வழியில் பிடிவாதமாக நின்றது. தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையைக் கவனித்தே ‘நூவோ’ என்ற டிரைவரை எழுதினார்கள். 2014-இல் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வந்தபோது, நிறுவனம் கையொப்பமிட்ட பர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டு விழுந்தது. அதற்கு முன்பே, 2012-இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து விரலை உயர்த்தி அந்த நிறுவனத்தைத் திட்டியது உலகப் பிரசித்தம். 2022 மே மாதம்தான் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது. அதுவும் ‘டூரிங்’ தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும். ஜிடிஎக்ஸ் 16 வரிசையும் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையும் அதில் அடக்கம்; அதற்கு முந்தியவை வெளியே.

வாங்குபவருக்கு இந்த வரலாற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகள் உங்கள் லினக்ஸை விடப் புதிதாக இருந்தால் தொல்லை. பழையதாக இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. என்விடியாவில் இது தலைகீழ். புதிய கார்டுக்கு டிரைவர் சீக்கிரமே வந்துவிடும், பழைய உபுண்டுவிலும் அதை ஏற்றிவிடலாம். கார்டுக்கு வயதாகும்போதுதான் நிறுவனம் கையை விரிக்கும். எனவே பெட்டியில் போட்ட ஜிபியைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கார்டு எந்த ஆண்டில் பிறந்தது, உங்கள் கெர்னல் எந்த ஆண்டில் பிறந்தது என்று பாருங்கள்.

உபுண்டு 22.04 முதலில் வெளிவந்தபோது அதிலிருந்த கெர்னல் 5.15. பின்னால் வந்த திருத்த வெளியீடுகள் அதை 6.8 வரை கொண்டுவந்தன. 2021-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600-ஐ 5.15 தயக்கமில்லாமல் ஓட்டும். 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை அதே கம்ப்யூட்டரில் செருகினால் 6.8-க்குக்கூட அது யாரென்று தெரியாது. திரை மங்கலான பெரிய எழுத்துகளோடு நிற்கும், அல்லது கறுத்துப்போகும். கார்டு பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள். பழுது ஒன்றும் இல்லை. உபுண்டு 24.04-இன் புதிய வெளியீட்டுக்கு மாறினால் அதே கார்டு ஓடும்.

வேண்டுமா என்பது முதல் கேள்வி

எல்லா வீட்டுக்கும் கார்டு வேண்டாம். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், பைதான், ஜியோஜிப்ரா எதற்கும் தனிக் கார்டு தேவையில்லை. இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். லினக்ஸில் அதன் டிரைவர் மிக நல்லது. கேடென்லைவில் வீடியோ வெட்டுவதற்கும் கார்டைவிட ரேமும் பிராசஸரும்தான் முக்கியம். கேமரா கோப்பு இழுத்து இழுத்து ஓடினால் ‘பிராக்ஸி’ வசதியை இயக்குங்கள். பெரிய கோப்புக்குச் சிறிய நகல் ஒன்றை அது செய்துகொள்ளும், வெட்டும் வேலை முழுக்க அந்த நகலில் நடக்கும், கடைசியில் அசல் கோப்பிலிருந்தே படம் வெளிவரும். காசு செலவில்லாமல் பாதிக் குறை தீர்ந்துவிடும். 8 ஜிபி ரேமை 16 ஆக்குவதும், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும் கார்டைவிட அதிகமாக உணரப்படும்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல்லில் 12400எஃப் என்று ‘எஃப்’ வந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏஎம்டியில் ரைசன் 5600ஜி என்று ‘ஜி’ வந்தால் நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வெறும் 5600-இல் இல்லை. லிட்டில் கைட்ஸ் பிள்ளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடு 5600ஜி, 16 ஜிபி ரேம் என்று ஆரம்பிக்கலாம். இரண்டு ரேமாக, இரண்டு சேனலில் போடச் சொல்லுங்கள். உள் கிராபிக்ஸ் ரேமைப் பங்கு போட்டுக்கொள்வதால் வேகம் நன்றாகவே கூடும். கார்டை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

கார்டு உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் மூன்று: பிளெண்டரில் ரெண்டர், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது, விளையாட்டு. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. பிளெண்டர் 4-க்கு ஓப்பன்ஜிஎல் 4.3 வேண்டும். இன்டெல் மூன்றாம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவைக்கும் அது இல்லாததால் பிளெண்டர் திறக்கவே திறக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் பிளெண்டர் 2.8 வரிசையோடு நிற்கலாம், அல்லது ஒரு கார்டு போடலாம்.

வாங்கக் கூடாத பெட்டி

எல்லைக் கடைகளில் மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவிலும் இன்றைக்கும் கண்ணில் படும் கார்டுகள் ஜிடி 710, ஜிடி 730. விலை குறைவு. பெட்டியில் 2 ஜிபி, 4 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும். பிள்ளை கேட்கிறதே என்று பெற்றோர் வாங்கிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஜிடி 710-இன் உள்ளே இருப்பது 2012-இல் அறிமுகமான ‘கெப்ளர்’ தலைமுறை. ஜிடி 730 இன்னும் மோசம். ஒரே பெயரில் மூன்று வகை வந்தது, அதில் ஒன்று கெப்ளருக்கும் முந்திய ‘ஃபெர்மி’. ஃபெர்மிக்கான டிரைவரை என்விடியா 2022-இல் நிறுத்திவிட்டது. கெப்ளருக்கான 470 வரிசை 2024-இல் நின்றது. இனி வரும் கெர்னல்களுக்கு அந்த டிரைவர் ஒட்டுமென்று யாரும் உறுதி தரமுடியாது. நூவோ டிரைவரில் திரை தெரியும், படம் பார்க்கலாம். ஆனால் அதற்குத்தான் மதர்போர்டிலேயே வசதி இருக்கிறதே! 4 ஜிபி என்ற எண்ணுக்காகக் கொடுத்த காசு வீண். கடை எவ்வளவு தெரிந்த கடையானாலும் லினக்ஸ் வீட்டுக்கு இந்த இரண்டையும் வாங்காதீர்கள்.

செகண்ட் ஹாண்டில் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 ஆகியவை அடுத்து அந்த வரிசையில் சேரப்போகின்றன. ‘பாஸ்கல்’ தலைமுறைக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர் என்று என்விடியா சொல்லிவிட்டது. திறந்த கெர்னல் பகுதியும் அவற்றுக்குப் பொருந்தாது. இப்போதைக்கு ஓடும். மிக மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

எதை வாங்கலாம்

பொதுவான வேலைக்கும் விளையாட்டுக்கும் என் முதல் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம். எந்த டிரைவரும் தேட வேண்டாம். கைட் லினக்ஸ் 22.04-இல் செருகினால் ஓடும். அதற்கு 132 வாட்ஸ் மின்சாரம் வேண்டும் என்பதையும் எட்டு முனை இணைப்பு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் கிடைக்கும் விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பகுதி, 2018-இல் வந்த ‘புரோட்டான்’ என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓடுகிறது. ஆனால் வலோரன்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளே விடாது. எந்தக் கார்டு போட்டாலும் அதுதான் கதி. பையன்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதே குடும்பத்தின் சின்னக் கார்டான ஆர்எக்ஸ் 6400-ஐப் பார்த்து ஏமாறாதீர்கள். தனி மின் இணைப்பு வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் அதில் இல்லவே இல்லை. கல்யாண வீடியோ செய்பவருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. பழைய மதர்போர்டில் அதன் வேகமும் விழுந்துவிடும்.

பிளெண்டர்தான் முதல் வேலை என்றால் என்விடியாவுக்குப் போகவேண்டும். இதை எழுத எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் உண்மை அதுதான். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் என்விடியாவில் நேராக ஓடும். ஏஎம்டிக்கு 2022-இல் பிளெண்டர் 3.2-இலிருந்து லினக்ஸிலும் ஆதரவு உண்டு, ஆனால் அதற்கென்று தனித் தொகுப்பு ஏற்ற வேண்டும். ஏஐ மாடல்களிலும் இதே நிலைதான். சின்ன எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) உள்ள கம்ப்யூட்டருக்கு 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை பொருத்தம். 70 வாட்ஸ்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி இணைப்பு வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. அதற்கு 130 வாட்ஸும் தனி இணைப்பும் வேண்டும். பில்லில் 6 ஜிபியா 8 ஜிபியா என்று எழுதி வாங்குங்கள்.

இன்டெல் ஆர்க் ஏ380 வீடியோக்காரர்களுக்கு நல்ல கார்டு. ஏவி1 வடிவில் சுருக்கும் வசதி அந்த விலையில் முதலில் அதில்தான் வந்தது. ஆனால் கெர்னல் 6.2 முதல்தான் அது தானாக ஓடும். மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதியும் வேண்டும், இல்லாவிட்டால் நொண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் பற்றி ஸ்டுடியோக்காரர்கள் கேட்பார்கள். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. நம்மூர் கேமராக்கள் தருவது பெரும்பாலும் அந்தக் கோப்புகளைத்தான். காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பை வாங்கத் தயாராக இருந்தால் மட்டும் அதற்காகக் கார்டு பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் இடியும்

கார்டு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை நம்பமுடியாது. மதர்போர்டின் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாகக் கம்பி வரவேண்டும். ஹார்டு டிஸ்க் கம்பியில் ஒரு மாற்றியை மாட்டி எட்டு முனை செய்து தருவதாகக் கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பி உருகும்.

துலாவர்ஷ மாதங்களில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மாலை நேர இடி எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எர்த் சரியில்லாத வீட்டில் யுபிஎஸ் இருந்தாலும் பயனில்லை. வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றுவதோடு மானிட்டர் கம்பியையும் நெட் கம்பியையும் கழற்றுங்கள். மானிட்டர் வழியாக வந்த அடியில் கார்டின் எச்டிஎம்ஐ வாய் போனால் அதற்கு வாரண்டி கிடைக்காது.

வாரண்டி என்றதும் ஞாபகம் வருவது பில். ஜிஎஸ்டி வருவதற்கு முன் அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சரக்குக் கொண்டுவருவது ஒரு பெரிய வேலை. 2017 ஜூலைக்குப் பின் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் கார்டுக்கு அதே 18 சதவீத வரிதான். வரி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் மூன்று வருட வாரண்டியைக் கைகழுவ வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்தபின்

கார்டை மாட்டியதும் மானிட்டர் கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் செருகுங்கள். இதை மறந்துவிட்டு, “புதுக் கார்டு போட்டும் வேகமில்லை” என்று சொல்பவர்கள் ஏராளம்.

பிறகு முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை, இடைவெளி விட்டு ஒரு கோடும் ‘கே’ எழுத்தும் சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தில் அடியுங்கள். நீளமான பட்டியல் ஓடும். அதில் ‘விஜிஏ’ என்று வரும் இடத்துக்குக் கீழே, எந்த டிரைவர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். ஏஎம்டி கார்டுக்கு ‘ஏஎம்டி ஜிபியு’, என்விடியாவுக்கு ‘என்விடியா’ என்று அங்கே வரவேண்டும். என்விடியா போட்டுவிட்டு அங்கே ‘நூவோ’ என்று வந்தால் நிறுவனத்தின் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். டிரைவர் என்ற வரியே காணோம் என்றால் கெர்னலுக்குக் கார்டைத் தெரியவில்லை.

என்விடியாவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உபுண்டுவின் ‘கூடுதல் டிரைவர்கள்’ சாளரத்தில் டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கடவுச்சொல் கேட்கும். கம்ப்யூட்டரை மறுபடி இயக்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, சில நொடிகளில் ஏதாவது விசையைத் தட்டச் சொல்லும். பயந்துபோய்ப் பேசாமல் விட்டால் அது தானாகக் கடந்துபோகும், டிரைவர் ஏறாது. விசையைத் தட்டி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு கொடுத்த அதே கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் வேலை இது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸுக்குத் திரும்பிய வீடுகளும் உண்டு. ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

கடைக்குப் போகும் முன்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் லினக்ஸ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளியில் ஐ.டி. பொறுப்பில் ஒரு ஆசிரியர் இருக்கிறார். நெய்யாற்றின்கரையில் பாலிடெக்னிக்கும் தனுவச்சபுரத்தில் ஐடிஐயும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பை முடித்த எந்தப் பிள்ளைக்கும் உபுண்டு பூட் பென்டிரைவ் செய்யத் தெரிந்திருக்கும். அந்தப் பென்டிரைவைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கார்டை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை எழுப்பி, ஏஎம்டி, இன்டெல் கார்டுகளில் அந்த டிரைவர் வரியைப் பார்த்தபின் காசு கொடுங்கள். என்விடியா என்றால் கார்டின் தலைமுறை டூரிங்கோ அதற்குப் பிந்தியதோ என்று பெட்டியிலுள்ள மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார். இரண்டாவது ஆள் இப்படி வந்து கேட்கும்போது அவரே கற்றுக்கொள்வார்.

கைட் நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓட்டிய அனுபவம் இந்தியாவில் உங்களைப்போல் வெகு சிலருக்குத்தான் உண்டு. உங்கள் ஒவ்வொரு பதிப்போடும், அதில் சோதித்துப் பார்த்த கிராபிக்ஸ் கார்டுகளின் பட்டியல் ஒன்றை மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுங்கள். ஒரு பக்கம் போதும். அதைப் பள்ளியின் தகவல் பலகையில் ஒட்டினால் இஞ்சிவிளை முதல் பாலராமபுரம் வரை பல பெற்றோரின் பணம் மிச்சமாகும்.